7 கிலோவுக்குள் ஒரு கேமரா: ஹாங்சோ போகும் முன் செய்த வேலைகள்

பை ஒருவழியாக 6.7 கிலோவுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் அடுக்கி முதலில் தூக்கிப் பார்த்தபோது 9.6 காட்டியது. விமானத்தில் கையோடு கொண்டுபோக எனக்கு அனுமதி 7 கிலோ, அதுவும் லேப்டாப் சேர்த்து. செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவுக்குப் படிக்கப் போகிறேன். முதல் வருடம் சீன மொழி, அப்புறம் புகைப்படத்தில் முதுகலை. தூத்துக்குடியிலிருந்து சென்னை, அங்கிருந்து கோலாலம்பூர் வழியாகப் பயணம். கேமராவைப் பெட்டியில் போட்டு பெல்ட்டில் அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை.

இடம் வாங்குவது, உதவித்தொகை, சீன மொழித் தேர்வு பற்றியெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். கேமராவை வைத்திருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று தமிழில் தேடினால் எதுவும் அகப்படவில்லை. அதனால் நான் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

விசா படம்

படம் எடுக்கிறவள் ஸ்டூடியோவுக்குப் போய் உட்காருவதா என்ற வீம்பு ஒரு காரணம். இன்னொன்று, நம் ஊர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் என்றாலே 35×45 மி.மீ, பெரும்பாலும் நீலப் பின்னணி, போதாததற்கு முகத்தை வழுவழுவென்று தேய்த்துக் கொடுப்பார்கள். சீன விசாவுக்குக் கேட்பது 33×48 மி.மீ, வெள்ளைப் பின்னணி, நிழல் கூடாது. தாடையிலிருந்து உச்சி வரை 28 முதல் 33 மி.மீ, முகத்தின் அகலம் 15 முதல் 22 மி.மீ.

மாடி அறையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி ஸ்டூல் போட்டேன். நெருங்கி உட்கார்ந்தால் காதுக்குப் பின்னால் நிழல் விழுகிறது. தள்ளி உட்கார்ந்தால் நிழல் போய்விடுகிறது, ஆனால் சுவர் சாம்பல் நிறத்துக்கு இறங்கிவிடுகிறது. தரையில் ஒரு எல்இடி டியூப்லைட்டைப் படுக்க வைத்துச் சுவரை மட்டும் வெளிச்சமாக்கியதும் சரியானது. முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை. ஷட்டரை அமுக்கியது அக்கா.

சிக்கல் எடுப்பதில் இல்லை, அளவில்தான். விண்ணப்பத்தோடு ஏற்றும் படம் 354×472 பிக்சலிலிருந்து 420×560 பிக்சலுக்குள், 40 முதல் 120 கேபிக்குள் ஜேபெக்காக இருக்க வேண்டும். இது 3:4 விகிதம். அச்சுப் படமான 33×48 அதைவிட ஒடுக்கமானது. ஒன்றை வெட்டி மற்றொன்றைச் செய்யப் போனால் தலைக்கு மேல் இடம் போதாது. ஆகவே எடுக்கும்போதே நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுத்து, இரண்டையும் தனித்தனியாக வெட்ட வேண்டும்.

அடுத்தது அச்சு. 4×6 அங்குலத் தாள் என்பது 102×152 மி.மீ. 33×48 படத்தைக் குறுக்கே 3, நெடுக்கே 3 என 9 அடுக்கலாம். கணக்குப்படி குறுக்கே 3 மி.மீ மிச்சம் இருக்கிறது. லேபில் போட்டு வாங்கினால் ஓரப் படங்களில் தோள் வெட்டுப்பட்டிருந்தது, நடுவில் இருப்பதும் 34 மி.மீ இருந்தது. ஓரம் விடாமல் அச்சடிக்கும் இயந்திரம் தாளின் விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடும். அதற்குப் பிறகு படங்களைத் திருப்பிப் போட்டு 8 மட்டும் அடுக்கினேன், சுற்றிலும் இடம் விட்டு. ஒரு மூலையில் சரியாக 50 மி.மீ நீளத்துக்கு ஒரு கோடு. அச்சு வந்ததும் இரும்பு ஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வைத்தாலே எத்தனை சதவீதம் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கோடு 51 மி.மீ வந்தது. கோப்பை அதற்கேற்பச் சுருக்கிக் கொடுத்தேன். ஒரு தாள் 15 ரூபாய். நீண்ட காலப் படிப்புக்கான எக்ஸ்1 விசாவில் போகிறவர்கள் உள்ளே நுழைந்த 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

50 எம்எம்மில் பூஞ்சை

என்னிடம் இருப்பது நிக்கான் டி7200. மாமா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்து கையால் ஃபோகஸ் செய்யும் 50 எம்எம் எஃப்1.8 ஒன்று வீட்டில் கிடந்தது. மெனுவில் குவியத் தொலைவையும் துளை எண்ணையும் பதிந்துவிட்டால் டி7200 அதில் வெளிச்சத்தையும் அளந்து கொடுக்கும். எடையும் குறைவு. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் பூஞ்சை, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இழை இழையாகப் படர்ந்திருந்தது. கடற்கரை ஊரில் பீரோவுக்குள் தோல் உறையில் போட்டு வைத்த லென்ஸுக்கு இதுதான் கதி.

பெயர் பொறித்த முன்வளையத்தில் திருகாணி கிடையாது. அழுத்திப் பிடித்துச் சுழற்றத்தான் வேண்டும். இதற்கென்று ரப்பர் கருவி விற்கிறார்கள். நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, வளையத்தின் விட்டத்துக்குப் பொருந்திய ஜாம் பாட்டில் மூடியின் விளிம்பில் சுற்றி ஒட்டிக்கொண்டேன். இரண்டாவது அழுத்தலிலேயே வளையம் அசைந்துகொடுத்தது. உள்ளே உள்ள திருகாணிகளுக்குச் சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவரை வைத்தால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜப்பானிய லென்ஸ்களில் இருப்பது ஜிஸ் என்ற வகை, அதன் பள்ளம் சற்று வேறு. அதற்கான சிறிய டிரைவர் 280 ரூபாய். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்துக்கடையில் 6 சதவீதமாகக் கிடைக்கும். அதோடு அதே அளவு பேட்டரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர், கலந்தால் 3 சதவீதம். லென்ஸ் துடைக்கும் தாளை அதில் நனைத்துக் கண்ணாடியின் மேல் சில நிமிடம் போட்டு வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. கண்ணாடியைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் முன்னே என்று விளிம்பில் பென்சிலால் குறி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

பூஞ்சை போய்விட்டது, அது அரித்த தடம் மட்டும் கண்ணாடியின் மேல்பூச்சில் இருக்கிறது. எதிர்வெயிலில் எடுத்தால் படத்தின் ஒளி-இருள் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) கொஞ்சம் குறைகிறது. நிழலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு அது போதும்.

உப்பை வைத்து ஒரு சோதனை

பூஞ்சை மறுபடி வராமலிருக்கக் காற்றுப்புகாத பெட்டி வேண்டும். ஹாங்சோவுக்கு இது இன்னும் அவசியம். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதி முழுக்க ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை பிளம் மழைக்காலம், சுவரே வியர்க்கும் என்று அங்கே படிக்கிற சீனியர் அக்கா எச்சரித்திருந்தார். பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரை கிலோ, ஒரு குட்டி டிஜிட்டல் ஈரப்பதமானி. உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருந்தால் பூஞ்சை வளராது, ரப்பரும் காய்ந்து வெடிக்காது.

250 ரூபாய் ஈரப்பதமானி சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதையும் மானியையும் ஒரு சின்ன டப்பாவில் இறுக மூடி இரவு முழுக்க விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி 68 என்றது. ஆக, அது காட்டுவதோடு 7 கூட்டிக்கொள்கிறேன். உப்பளத்து உப்பைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன், தூத்துக்குடிக்காரி இல்லையா. அதில் மெக்னீசியம் கலந்திருப்பதால் கணக்கு கீழே போகிறது. பாக்கெட் உப்புதான் சரி.

சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு மணிகளை வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதைச் சமையலறைப் பாத்திரத்தில் வறுக்கக்கூடாது. ஈரம் குடித்த மணிகளைப் பழைய இரும்புச் சட்டியில் மிகக் குறைந்த தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் நிறம் மாறிவரும். தீயைக் கூட்டினால் மணிகள் பொரிகடலை மாதிரி வெடித்துத் தெறிக்கின்றன.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. மானியும் 100 கிராம் ஜெல்லும் மட்டும் பெட்டியில்.

பையும் உள்ளுறையும்

9.6 கிலோவில் கேமரா பை மட்டுமே 1.9 கிலோ! உள்ளே ஒன்றும் போடாமலேயே அனுமதியில் கால்வாசிக்கு மேல் காலி. கல்லூரிக்குக் கொண்டுபோன சாதாரண முதுகுப்பை 640 கிராம். அதற்குள் வைக்க ஒரு மெத்தை உறை இருந்தால் தீர்ந்தது. கடையில் விற்பவை ஒன்றுகூட என் பைக்குப் பொருந்தவில்லை, அதனால் நானே செய்ய இறங்கினேன்.

அளவைக் கேமராவிலிருந்து தொடங்கினேன். டி7200 உடலின் அகலம் 136 மி.மீ, உயரம் 107, தடிமன் 76. அதில் 35 எம்எம் லென்ஸை மாட்டிக் கீழ்நோக்கி வைத்தால் மொத்த ஆழம் 130 மி.மீக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உறையின் உள்ளளவு 28 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம், 13 செ.மீ ஆழம், ஒரு பாதியில் கேமரா, மறு பாதியில் இரண்டு லென்ஸும் சார்ஜரும்.

நுரைக்கு 6 மி.மீ இவிஏ யோகா பாய், 399 ரூபாய். ஒரே பாயில் இதுபோல இரண்டு உறை செய்யலாம். அதை வெட்டி, மேலே துணியைச் செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையால் ஒட்டினேன். ஒட்டியது என்னவோ பலமாகத்தான். ஆனால் வாரம் கடந்தும் வாடை போகவில்லை. மூடிய பைக்குள் அந்தக் கரைப்பானின் ஆவியோடு லென்ஸை வைக்க மனம் வரவில்லை. மடிப்புகளில் துணி விறைத்துப்போய் மூலைகளும் சரியாக மடங்கவில்லை. அது போயிற்று.

இரண்டாவது உறைக்கு, நுரையோடு சேர்த்துத் துணியைத் தைத்துவிடலாம் என்று தெருமுனை டெய்லர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பாயைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தார். "ஏம்மா, இத மெஷின்ல விட்டா ஊசி ஒடிஞ்சிரும்லா. துணிய உறை உறையா தைச்சுத் தாரேன். நுரைய நீ உள்ள சொருகிக்கோ" என்றார். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அடிப்பாகமும் நாலு சுவர்களும் சேர்ந்த சிலுவை வடிவில் ஒரே துணி, ஒவ்வொரு பாகமும் ஒரு பக்கம் திறந்த பை. நுரைத் துண்டுகளைச் சொருகி, சுவர்களை நிமிர்த்தி, மூலைகளை வெல்க்ரோவால் இணைத்தால் பெட்டி ஆகிவிடுகிறது. பிரித்தால் தட்டையாகிவிடும், துணியைத் துவைக்கவும் செய்யலாம். பசை ஒரு சொட்டு இல்லை.

தடுப்புகளுக்கு உள்துணியிலேயே வெல்க்ரோ ஒட்டும் என்று நினைத்துப் பழைய கம்பளித் துணியைக் கொடுத்திருந்தேன். பிடிக்கவில்லை. வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்துக்குச் சுருள் இழை உள்ள மென்மைப் பக்கம் எதிரே இருந்தாக வேண்டும். மென்மைப் பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கிச் சுவர்களில் நெடுக்காக 4 செ.மீ இடைவெளியில் தைத்துக் கொடுத்தார். துணி 120, வெல்க்ரோ 100, தையல் கூலி 200. பாயோடு சேர்த்து 819 ரூபாய். எடை 330 கிராம்.

அடுத்தமுறை செய்தால் அடிப்பாகத்துக்கு மட்டும் நுரையை இரட்டையாக வைப்பேன். பையைத் தரையில் வைக்கும்போது 6 மி.மீ போதாது என்று தோன்றுகிறது.

கிராம் கணக்கு

400 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு, 350 ரூபாய்க்குத் தொங்கவிடும் லக்கேஜ் தராசு. சின்னச் சாமான்கள் ஒவ்வொன்றையும் முதலாவதில் நிறுத்து நோட்டில் எழுதினேன். கேமரா பேட்டரியோடு 765, 35 எம்எம் 200, பழைய 50 எம்எம் மூடிகளோடு 190, 18-140 ஜூம் 490. 11-16 அகலக்கோண லென்ஸ் 560 கிராம். உப்பளத்தில் வானத்தைக் காட்டுவதற்காக வாங்கியது. கடைசி ஒரு வருடப் படங்களில் அதில் எடுத்தவை எத்தனை என்று கணினியில் வடிகட்டிப் பார்த்தேன். நூற்றில் மூன்றுகூட இல்லை. விற்றுவிட்டேன், அந்தப் பணம் விசாக் கட்டணத்துக்குப் போனது.

லேப்டாப்பை அக்காவிடம் மாற்றிக்கொண்டதிலும் நிறைய மிச்சமானது. என்னுடைய 15.6 அங்குலம் 2.2 கிலோ. அவளுடைய 14 அங்குலம் 1.4. அவள் திரை பெரிதாக வேண்டும் என்றாள், நான் சின்னதாக வேண்டும் என்றேன், சண்டை இல்லாமல் முடிந்த அபூர்வமான பேரம்.

காகிதத்தின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஜேடபிள்யூ 202 (சீனாவில் படிக்க விசா கேட்பதற்கான படிவம்), சேர்க்கைக் கடிதம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் நகல்கள் எல்லாம் சேர்ந்து தடித்த பிளாஸ்டிக் ஃபைலோடு ஒரு கிலோவைத் தொட்டது. மூலப் பிரதிகளையும் ஒரு செட் நகலையும் மட்டும் மெல்லிய உறையில் போட்டதும் 620. உப்பளப் படங்களின் ஏ4 அச்சுகள் 20, 260 ஜிஎஸ்எம் தாளில் 325 கிராம். இதைக் குறைக்க மனம் இல்லை. திரையில் காட்டுவதும் ஆசிரியர் மேசைமேல் பரப்புவதும் ஒன்றல்ல.

ட்ரைபாட் பெட்டிக்குள், ஸ்வெட்டர் சுற்றி. தலையைக் கழற்றித் தனியாக வைத்தால் குறுக்கே படுக்கிறது.

மின்சாரம்

உபரி லித்தியம் பேட்டரிகளைப் பெட்டியில் போடக்கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் (Wh) இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. டி7200 பேட்டரி 14 வாட்-அவர்தான், அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். இந்த அச்சு முக்கியம். மலிவாக வாங்கிய ஒரு மாற்று பேட்டரியில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. பாதுகாப்புச் சோதனையில் நின்று விளக்குமளவுக்கு என் சீன மொழி வரவில்லை, அதைக் கழித்துவிட்டேன். முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனி ஜிப் கவரில் போட்டாயிற்று.

பவர் பேங்கும் வீட்டோடு நிற்கிறது. சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்கு 2025 ஜூன் 28 முதல் தடை. என்னுடையதில் முத்திரை இல்லை. கோலாலம்பூரிலிருந்து போவது பன்னாட்டு விமானம்தான், ஆனால் விடுமுறையில் ஹார்பின் பனிச்சிற்பங்களை எடுக்க விமானம் ஏறினால் அங்கேயே குப்பைத் தொட்டியில் போட வேண்டிவரும். 430 கிராம் மிச்சம்.

சீனாவில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் சார்ஜர்கள் அப்படியே வேலை செய்யும், பிளக்தான் வேறு: இரண்டு தட்டை ஊசி, அல்லது சாய்வான மூன்று தட்டை ஊசி. எல்லோரும் அடாப்டர் வாங்கச் சொல்கிறார்கள். கேமரா சார்ஜரின் பின்னால் பாருங்கள், ரேடியோவில் வருகிற 8 வடிவத் துளை இருக்கும். லேப்டாப் சார்ஜரில் மூன்று இலை வடிவத் துளை. இரண்டுமே கழற்றக்கூடிய ஒயர்கள். அந்த ஊர் பிளக் உள்ள ஒயர்களை அங்கே வாங்கி மாட்டிவிட்டால் அடாப்டர் எதற்கு? முதல் ராத்திரிக்கு ஒரே ஒரு சின்ன அடாப்டர், 40 கிராம்.

படங்களின் பிரதிகள்

கூகுள் ஃபோட்டோஸ், டிரைவ், ஜிமெயில், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவும் அங்குள்ள இணையத்தில் திறக்காது. என் பிரதிகள் எல்லாம் கூகுளில்தான் இருந்தன. கிளவுடிலிருந்து 400 ஜிபியையும் இறக்கி ஒரு எஸ்எஸ்டியிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டேன். எஸ்எஸ்டி கைப்பையில், ஹார்ட் டிஸ்க் பெட்டியில் என்றுதான் முதலில் பிரித்தேன். பெட்டி தொலைந்தால் பாதுகாப்புப் பிரதியும் போயிற்று என்பதால் 200 கிராமைச் சகித்துக்கொண்டு இரண்டும் கையில். மூன்றாவது பிரதி அக்காவிடம் கொடுத்த என் பழைய லேப்டாப்பில்.

இறக்கும்போது ஒன்று கவனியுங்கள். கூகுள் ஃபோட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கினால், அங்கே போய்த் திருத்திய தேதியும் இடமும் தனிக் கோப்பாக வரும், படத்துக்குள் இருக்காது. கிளம்பும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். பல்கலைக்கழகக் கடிதங்கள் வருகிற மின்னஞ்சலையும் அங்கே திறக்கிற வேறொன்றுக்குத் திருப்பிவிட்டேன். நம் சிம்மில் ரோமிங் போட்டால் பெரும்பாலும் எல்லாம் திறக்கும். வங்கி ஓடிபிக்காக அதை உயிரோடு வைத்திருக்கிறேன், படம் ஏற்ற அல்ல.

கைபேசியில் இடக்குறிப்போடு படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். சீன வரைபடங்கள் இடத்தை எண்களால் குறிக்கத் தனி ஆயமுறையை (கோஆர்டினேட் முறை) பின்பற்றுகின்றன. நம் ஜிபிஎஸ் குறிப்பை அப்படியே அதில் வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளி விழும். ஏரிக்கரையில் எடுத்த படம் ஏரிக்குள் இருப்பதாகக் காட்டினால் கைபேசி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஹாங்சோவில் இறங்கியதும் வாங்க வேண்டியவை இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில்: இரண்டு ஒயர்கள், 3சி முத்திரையுள்ள பவர் பேங்க், மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா. அங்கே கைபேசியில் பணம் கட்டும் செயலியான அலிபேயில் விசா கார்டை இணைத்தாயிற்று; 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையாகக் கட்டினால் 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் இவற்றைத் தனித்தனி பில்லாகவே போடச் சொல்வேன். பையில் இன்னும் 300 கிராம் இடம் இருக்கிறது. அம்மா அதைக் கருவாட்டுப் பொடிக்கு ஒதுக்கிவிட்டார். அதைப் பெட்டிக்கு மாற்றும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.